பைப்பு வேலைக்குப் போன பிள்ளை

தோட்டத்தில் ‘பைப்பு’ என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது லயத்துக்கு முன்னால் நின்ற ஒற்றைக் குழாய்தான். ஒரு வரிசை வீட்டுக்கு ஒரு குழாய். விடியுமுன் வாளிகள் வரிசை பிடிக்கும். வரிசையில் சண்டை வரும். அந்தச் சண்டையில் பேசி முடித்த சம்பந்தமே முறிந்துபோன கதையும் உண்டு. அதனால் ஒருவனுக்குப் பைப்பு வேலை என்று கேள்விப்பட்டால், ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுகிறவன், அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்துகிறவன் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். பெண் கேட்டுப் போன இடத்தில், “பையனுக்கு என்ன வேலை?” “சிங்கப்பூரில் பைப்பு வேலை” என்றதும் பெண் வீட்டார் முகம் ஒரு மாதிரியாகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் ஜோகூரில் இருக்கிறது. என்னிடம் ஆறாண்டு படித்த பிள்ளை ஒருவன் நாலு வருடமாகச் சிங்கப்பூரில் இந்தப் பைப்பு வேலைதான் பார்க்கிறான். பெயரைப் போட்டால் கூச்சப்படுவான். அவனுக்குக் கீழே ஒரு தம்பி இருப்பதால் பெரியவன், சின்னவன் என்றே எழுதிவிடுகிறேன். தகப்பன் இல்லாத பிள்ளைகள். தாயார் முதலில் பால் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிர்ந்த பழம் பொறுக்கியே இருவரையும் ஆளாக்கினார்.

போன தீபாவளிக்குப் பெரியவன் வீட்டுக்கு வரவில்லை. “வேலை நெருக்கடி” என்று போனில் சொல்லிவிட்டான். பணம் மட்டும் வந்தது. இந்த நிலையில், எஸ்.பி.எம். எழுத இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே, “நானும் அண்ணனோடு போகிறேன்” என்று சின்னவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒரு மாலை அந்த அம்மா பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

“சார், லீவுல நீங்க சிங்கப்பூரு போறீங்களாமே. அவன் அங்க என்னாதான் வேல செய்யுறான்னு உங்க கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க சார். கேட்டா ‘பைப்பு வேல’ங்குறான், அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குறான். சின்னவன அனுப்பலாமா வேணாமான்னு நீங்க சொல்றதுதான்.”

தோட்டத்தில் வாத்தியார் சொல்லுக்கு இன்னும் மதிப்பு மிச்சம் இருக்கிறது. அது பெருமையும்தான், பாரமும்தான். பார்க்காமல் ஒன்றைச் சொல்லிவிட முடியாது. “பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் அக்கா” என்று சொல்லி அனுப்பினேன்.

*

லார்கினிலிருந்து 170 எண் பேருந்து. கடற்பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது சாலையை ஒட்டி ஓடும் பெரிய குழாய்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை முறை போயிருப்பேன், அன்றுதான் அவற்றை உற்றுப் பார்க்கத் தோன்றியது. இந்தப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. 1927இல் ஜோகூர் சுல்தானோடு போட்ட ஒப்பந்தத்தின்படி குனோங் பூலாய் மலைத் தண்ணீர் சிங்கப்பூருக்குப் போக வழி பிறந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஜோகூர் ஆற்றிலிருந்து நாள் ஒன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அது 2061 வரை செல்லும். நம் மாநிலத்து மழை குழாய் வழியே கடல் தாண்டிப் போகிறது. அதே வழியில் நம் பிள்ளைகளும் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பெரியவனும் அப்படித்தான். ஜோகூர் பாருவில் வாடகை அறை. எட்டு மணி வேலைக்கு நாலு மணிக்குப் புறப்படுகிறான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் கால் வைக்க இடமில்லை. 1982இல் எழுந்த தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் தோசையும் சம்பலும் வாங்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான் பெரியவன். ஆள் கறுத்து, தோள் அகன்றிருந்தான். வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு மட்டும் மாறவில்லை. இடது கையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பசியாறினான். அதைக் கவனித்தேன், அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

“சார், இந்தக் கிளாசப் பாருங்க” என்று ஐஸ் மைலோவைக் காட்டினான். வெளிப்புறமெல்லாம் வேர்த்து, மேசையில் வட்டமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. “நாலாம் ஆண்டுல நீங்க சொல்லிக் குடுத்ததுதான். காத்துல இருக்குற ஆவி குளிர்ந்த கிளாசுல பட்டு தண்ணியாவுது. எங்க வேலையில பாதி இதோட மல்லுக்கட்டுறதுதான்.”

நான் கேட்கக் கேட்க அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

வீட்டு ஏர்கோனில் குளிரைக் கொண்டுபோவது ஒரு வாயு. பத்து மாடிக் கட்டடத்துக்கு அது சரிப்படாது. அங்கே சில்லர் என்று ஓர் இயந்திரம் இருக்கும். பெரிய ஐஸ் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றைக் குளிர வைப்பதில்லை, தண்ணீரைக் குளிர வைக்கிறது. ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீரைப் பம்பு குழாய் வழியே மாடி மாடியாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு மாடியிலும் செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று; அதன்மேல் விசிறி காற்றை ஊதுகிறது. நமக்குக் குளிர்காற்று கிடைக்கிறது. காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு 12 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகி அதே தண்ணீர் சில்லருக்குத் திரும்புகிறது. மறுபடி குளிர்கிறது, மறுபடி ஏறுகிறது.

சில்லர் பறித்த சூடு எங்கே போவது? அதற்கு இன்னொரு குழாய்ச் சுற்று. அது சூட்டை மொட்டை மாடியிலுள்ள குளிர்கோபுரத்துக்கு ஏற்றிப்போய், அங்கே தண்ணீரைச் சாரலாக விழவிட்டு, கொஞ்சம் ஆவியாக்கி, மிச்சத்தைக் குளிரவைத்து இறக்குகிறது. அந்தக் கோபுரத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களில் பலர் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார்கள். அதற்குக் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்ட லீஜியனெல்லா என்ற கிருமி, பராமரிப்பில்லாத குளிர்கோபுரத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக வளரக்கூடியது. சிங்கப்பூரில் இதற்கென்றே தனி விதிமுறைகள் உண்டு.

ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடுகட்டத் தண்ணீர் வேண்டுமல்லவா? கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் சிங்கப்பூர் தயாரிக்கும் ‘நியூவாட்டர்’ என்ற புதுநீர் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கும் இப்படிப்பட்ட குளிரூட்டும் வேலைக்கும்தான் போகிறது.

*

அவன் வேலை செய்யும் கட்டடம் சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. ஞாயிறு என்பதால் அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. மேற்பார்வையாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். “வாத்தியாரா? வாங்க வாங்க” என்று தலைக்கவசமும் பச்சை மேல்சட்டையும் கொடுத்து, மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போகக்கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார்.

சில்லர் அறை சிலுசிலுவென்று இருக்கும் என்று நினைத்துப் போனேன். அடுப்படி தேவலாம். ஊருக்கெல்லாம் குளிர் தயாராகும் இடத்தில் வேலைக்காரர்கள் முதுகு நனைய நிற்கிறார்கள். ஆலையில் பாய்லர் பக்கம் நின்றவர்களுக்கு அந்தச் சத்தமும் புழுக்கமும் புரியும்.

“இது 500 டன் சில்லர் சார்” என்றான். அந்த இயந்திரத்தின் எடை அது என்று எண்ணிவிடாதீர்கள். ஐஸ் கட்டியை வண்டியில் கொண்டுவந்து கட்டடங்களைக் குளிர வைத்த காலத்துக் கணக்கு இது. 2,000 ராத்தல் தண்ணீரை, அதாவது ஏறத்தாழ 907 கிலோவை, 24 மணி நேரத்தில் ஐஸாக்கும் சக்திதான் ஒரு டன். 500 டன் சில்லருக்கு நிமிடத்துக்குச் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். நம் வீட்டுப் பின்புறம் மழைத் தண்ணீர் பிடிக்கும் இருநூறு லிட்டர் தகர டிரம் இருக்கிறதே, நிமிடத்துக்கு இருபத்திரண்டு டிரம்!

அவ்வளவு தண்ணீருக்கு 8 அங்குல இரும்புக் குழாய். ஒரு மீட்டர் நீளம் 42 கிலோவுக்கு மேல் எடை. முழுக் குழாய் 6 மீட்டர், 255 கிலோ. இருபது கிலோ செம்பனைக் குலையாகப் பார்த்தால் பன்னிரண்டு குலைக்கும் அதிகம். அதைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி, தலைக்கு மேலே ஏற்றி, முன்பே மாட்டிய குழாயின் வாயோடு வாய் சேர்க்க வேண்டும். விளிம்பைச் சரிவாகச் சீவி, இரண்டு குழாய்க்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டு, முதலில் நாலு இடத்தில் பொட்டு வைத்துப் பிடித்து, மட்டம் பார்த்து, பிறகுதான் சுற்றிலும் பற்றவைப்பு. வெல்டிங் நடக்கும்போது தீயணைப்பானோடு ஒருவர் சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவே அவருடைய வேலை.

இரும்புத் தட்டு வைத்து போல்ட் முடுக்கும் மூட்டுகளும் உண்டு. அங்கே ஒரு போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். காருக்கு டயர் மாற்றுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பம்புக்குப் பக்கத்தில் ரப்பர் மூட்டு ஒன்று வருகிறது. பம்பின் அதிர்வு கட்டடம் முழுவதும் பரவாமல் அது தடுக்கிறது. “குழாய் கோணலா வந்து சேர்ந்துச்சுன்னா சில பேரு இந்த ரப்பர இழுத்து வளைச்சுச் சரிக்கட்டிருவாங்க சார். அது தப்பு. ரப்பர் கிழிஞ்சா ராத்திரியோட ராத்திரியா கீழ் மாடி முழுக்கத் தண்ணி” என்றான். அவன் அதைச் சொன்ன தோரணை எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் ஒரு நாளும் அவன் அப்படி நிமிர்ந்து நின்று பதில் சொன்னதில்லை.

அன்றைக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது அழுத்தச் சோதனை. பெரியவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்த காரணம் அதுதான். புதுக் குழாயை மாட்டி முடித்ததும் தண்ணீரை அடியிலிருந்து மெதுவாக நிரப்புகிறார்கள். உச்சியில் காற்றுப் போக்கியைத் திறந்து வைத்துக் காற்றெல்லாம் வெளியேறிய பிறகு மூடுகிறார்கள். பிறகு சின்னப் பம்பால், குழாய் அன்றாடம் தாங்கப்போகும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சனி நண்பகலிலிருந்து ஞாயிறு நண்பகல் வரை. ஒரு மணிக்கு ஒரு முறை முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். விடியற்காலையில் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. “ஒழுகுகிறதா?” என்றேன். பெரியவன் சிரித்தான். பகலில் கட்டடம் சூடேறும்போது குழாய்க்குள் அடைபட்ட தண்ணீர் விரிந்து முள் ஏறுமாம். இரவில் குளிர்ந்தால் இறங்குமாம். அதற்காகத்தான் அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தது. வெப்பநிலை மாறாமல் முள் மட்டும் இறங்கினால்தான் ஒழுக்கு. அப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகக் கையால் தடவிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்றும் சொன்னான்: பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும், அதனால் கீழ்த்தளத்தில் மாட்டிய கடிகாரமும் மொட்டை மாடிக் கடிகாரமும் ஒரே எண்ணைக் காட்டாது. அந்த நோட்டில் கட்டங்களை இழுத்து எண்களை வரிசையாக எழுதியிருந்தது அவன் கைதான். வாய்ப்பாட்டுக்கு அழுத பிள்ளை!

நண்பகலில் மேற்பார்வையாளர் வந்து கையெழுத்துப் போட்டார். அத்தோடு வேலை முடிவதில்லை. பற்றவைத்தபோது விழுந்த இரும்புப் பொடி, துரு, மணல் எல்லாம் உள்ளே கிடக்கும். அது சில்லருக்குள் போய்விட்டால் செம்புக் குழாய்களைத் தின்றுவிடும். ஆகவே சில்லரை ஒதுக்கிவிட்டு வேறு சுற்றில் தண்ணீரை ஓட்டிக் கழுவி, வடிகட்டிகளைத் திறந்து சுத்தம் செய்து, துருப்பிடிக்காமலிருக்க மருந்து கலந்த தண்ணீரை நிரப்பிய பிறகே சில்லரோடு சேர்ப்பார்கள். வடிகட்டியில் சேர்ந்ததை முந்தைய வாரம் போனில் படம் பிடித்து வைத்திருந்தான். ஒரு கைப்பிடி கறுப்புச் சேறு, நடுவே யாரோ விட்ட வெல்டிங் குச்சித் துண்டு.

*

குழாய்களின்மேல் கறுப்பாகத் தடித்த உறை ஒன்று சுற்றுகிறார்கள். ஐஸ் மைலோ கதை இங்கேதான் வருகிறது. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். 7 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாய் திறந்து கிடந்தால் கிளாஸ்போல் வேர்த்து, கூரைப் பலகை ஊறி, பூஞ்சை பிடித்து, ஒருநாள் எழுதுகிறவன் தலையில் விழும். உறையில் ஊசி முனை அளவு இடைவெளி விட்டாலும் ஈரக் காற்று உள்ளே புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே தண்ணீராகும். அதனால் உறைகள் சேரும் இடங்களில் பசை தடவி அழுத்தி ஒட்டுகிறார்கள். குழாயைத் தாங்கும் இரும்புக் கொக்கி நேரே குழாயைத் தொடாதபடி இடையில் மரக்கட்டைபோல் ஒன்று வைக்கிறார்கள்.

“இது என்ன ரப்பரா?” என்று அழுத்திப் பார்த்தேன். ரப்பர்தான். ஆனால் நம் மரத்துப் பால் இல்லை. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தச் செயற்கை ரப்பர் பெருகியதும் நம் கித்தா விலை ஆட்டம் கண்டதற்கு ஒரு காரணம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால் வாளி தூக்கிய தாயின் மகன் இன்று அந்தச் செயற்கை ரப்பரைச் சுற்றிச் சம்பாதிக்கிறான். இதற்குச் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா? நான் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

*

பிற்பகலில் அவனுக்கு ஓய்வு. “சார், பெரிய வேலை ஒண்ணு காட்டுறேன், வாங்க” என்று லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏற்றி பேஃபிரண்டில் இறக்கினான். மரினா பே. வானத்தை முட்டும் கட்டடங்கள், மேலே கப்பல் வைத்ததுபோல் மரினா பே சாண்ட்ஸ்.

“எங்கே குழாய்?”

“உங்க காலுக்குக் கீழ சார்.”

உண்மைதான். அந்த வட்டாரத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் சில்லர் வைக்கவில்லை. நிலத்தடி நிலையங்களில் தண்ணீரைக் குளிரவைத்து, சுரங்கத்தில் போட்ட குழாய் வழியே கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டாமல் ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியதுபோல. இதற்காக 2001இல் சட்டமே இயற்றினார்கள். 2006இல் குளிர்நீர் ஓடத் தொடங்கியது. தரைக்கு 25 மீட்டர் கீழே ஒரு நிலையம். சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் வலை. இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடிக் குளிர்நீர் அமைப்பு இதுதான் என்று 2016இல் அறிவித்தார்கள். தனித்தனியாகச் சில்லர் வைப்பதைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சம் என்பது நடத்துகிற எஸ்.பி. குழுமம் சொல்லும் கணக்கு.

இப்போது அதே முறை வீடுகளுக்கும் வந்துவிட்டது. தெங்கா என்ற புதுப் பேட்டையில் வீவக வீடுகளின் மொட்டை மாடியில் சில்லர் வைத்து, குளிர்நீரை வீடு வீடாகக் குழாயில் அனுப்புகிறார்கள். அங்கே முதலில் குடியேறிய பகுதிக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘பிளான்டேஷன்’ வட்டாரம்! தோட்டம் என்ற பெயரில் ஒரு லயமும் இல்லை, ஒரு மரம் வெட்டும் கத்தியும் இல்லை. 2023இல் மக்கள் சாவி வாங்கிக் குடிபோன சில மாதங்களில், குழாயை மூடிய பெட்டிகளிலிருந்து நீர் சொட்டுகிறது என்று பலர் புகார் சொல்லி அது செய்தித்தாளில் வந்தது. எவ்வளவு பெரிய திட்டமானாலும் கடைசியில் அந்தக் கறுப்பு உறையை ஒட்டுகிற ஆளின் கையில்தான் வந்து நிற்கிறது பாருங்கள்.

இந்த ஏர்கோனை 1902இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் அமைத்தது மனிதர்களுக்காக அல்ல. ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணம் பிசகியது. அதைத் தடுக்க அமைத்தார். 1922இல் அவரே பெரிய கட்டடங்களுக்கான சில்லரை அறிமுகப்படுத்தினார். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ, அரசு அலுவலகங்களில் ஏர்கோன் பொருத்தியது பதவிக்கு வந்ததும் தாம் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்று சொன்னதுண்டு. வெயிலில் மூளை மந்தமாகும் என்பது அவர் கருத்து. தகரக் கூரையின் கீழ் நாற்பது பிள்ளைகளுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

*

கடலோரத்தில் உட்கார்ந்தபோதுதான் கேட்டேன். “இடது கையை ஏனப்பா ஒளித்துக்கொண்டே இருக்கிறாய்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையை எடுத்துக் காட்டினான். மோதிர விரலில் மேல் கணு இல்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு நடந்தது. கப்பியில் ஏறிக்கொண்டிருந்த குழாய் ஆடியிருக்கிறது. பிடிக்கப் போன கை, குழாய்க்கும் கொக்கிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கயிறு கட்டி எட்ட நின்று இழுத்திருக்க வேண்டிய வேலை. அன்றைக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை, அவசரம் வேறு. அப்போது அவன் வேறொரு குத்தகைக்காரரிடம் இருந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, “உன் கவனக்குறைவு” என்று சொல்லி, விடுப்புச் சம்பளத்தை இழுத்தடித்தார்களாம். கூட வேலை செய்த ஒரு பெரியவர்தான், “பயப்படாதே, சட்டம் இருக்கிறது” என்று மனிதவள அமைச்சுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

இதை நம் குடும்பங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிங்கப்பூரில் வேலைக் காயத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். 2019இல் புதிதாக இயற்றி 2020 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக் காலத்துச் சம்பளம், உறுப்பு நிரந்தரமாகப் பழுதானால் ஒரு தொகை, இவை முதலாளியின் பொறுப்பு. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். மருத்துவர் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தொலைக்கக்கூடாது. பெரியவன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். அவனுக்குச் சேர வேண்டியது வந்துவிட்டது. தீபாவளிக்கு அவன் அனுப்பிய பணம் அந்தப் பணம்தான்.

“அம்மாகிட்ட சொல்லிராதீங்க சார். தெரிஞ்சா சின்னவன விடமாட்டாங்க.”

“உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்த்ததில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்க என்னால் முடியாது. நீயே சொல். நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்றேன்.

பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அழைத்தான். திரையில் அந்த அம்மாவின் முகம். சுற்றி வளைக்காமல் கையை உயர்த்திக் காட்டினான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்பவே நெனச்சேன். தீபாவளிக்கு வராத புள்ளையா நீ? வலிக்குதா?” என்றார். “இல்லம்மா.” “சாப்புடுறப்ப?” “வலது கைதானேம்மா.” “சரி. வர்ற சனிக்கெழம வீட்டுக்கு வா. கைய நான் பாக்கணும்.” அவ்வளவுதான். திரை அணைந்த பிறகு அழுதது அவன்.

*

தோட்டத்துக்குத் திரும்பியதும் அந்த அம்மாவிடம் நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். கக்கூஸ் குத்துகிற வேலை அல்ல. மூளையும் கையும் சேர்ந்து செய்கிற வேலை. வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் தூக்கமில்லை, சாலையில் ஆபத்து, குழாய் ஆடினால் விரல் போகும். கைத்தொழில் தெரியாமல் போகிறவன் பாரம் தூக்குகிறவனாகவே பல வருடம் நிற்பான். பெரியவன் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றான். வெல்டிங்கும் படம் பார்த்து வேலை செய்வதும் தெரிந்தவனுக்கு நிற்கும் இடமே வேறு. சின்னவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அதற்குமுன் அங்கே வேலை அனுமதியும் கிடைக்காது. எஸ்.பி.எம். எழுதட்டும். பிறகு இங்கேயே ஐ.எல்.பி. எனப்படும் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து திறன் சான்றிதழ் வாங்கட்டும். ஜோகூரில் பாசிர் கூடாங்கிலேயே ஒன்று இருக்கிறது. போவதென்றால் அதற்குப் பிறகு போகட்டும்.

“அதுக்கு எவ்வளவு காசு சார்? எப்ப எழுதிப் போடணும்?” என்றார். விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். சின்னவன் கதவோரம் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை கணக்கு நோட்டோடு என் வீட்டுக்கு வந்தான். அண்ணன் மாட்டும் 8 அங்குலக் குழாயின் உள்விட்டம் 20.3 சென்டிமீட்டர்; ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று போடச் சொன்னேன். முதல் தடவை விட்டத்தையே ஆரமாக வைத்து 129 லிட்டர் என்றான். “உன் அண்ணன் அந்தக் கணக்கில் கொக்கி அடித்தால் காசு வீண்” என்றேன். நோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். இரண்டாம் தடவை 32 லிட்டர் வந்தது.